சாக்ஸ் போட்ட நாற்காலி

வாஷிங் மெஷின் பழுது பார்க்க வருகிற அவர், வந்ததும் மெஷினைத் திறக்க மாட்டார். "ஒரு தரம் ஓட விடுங்க" என்பார். அது தடதடவென்று ஓடும். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையை மெஷினின் முதுகிலும் கைப்பிடியைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். "மூச்சை நல்லா இழுத்து விடச் சொல்லட்டுமா?" என்று ஒரு வீட்டில் ஒரு அம்மாள் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவர் காதில் அப்போது பேரிங் மட்டும்தான் இருந்தது.

"பேரிங் தேஞ்சிருக்கு. பெல்ட் நல்லா இருக்கு. டிரம்முக்குப் பின்னால ஒரு ஹேர்பின் கிடக்கு."

திறந்து பார்த்தால் ஹேர்பின் கிடக்கும்.

வேலை முடிந்ததும் பையிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரெக்கார்டரை எடுப்பார். "இன்னொரு தரம் ஓடட்டும். சத்தத்தை எடுத்துக்கறேன்." கம்பெனியில் கேட்பார்கள்போல என்று வீட்டுக்காரர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வார்கள். அவர் தலையாட்டிவிடுவார். விளக்கம் சொல்வதைவிடத் தலையாட்டுவது எப்போதும் அவருக்குச் சுலபம். அவருடைய வாழ்க்கையில் நடந்த பல காரியங்கள் அவர் தலையாட்டியதால் நடந்தவை. அக்கா வீட்டில் பதினைந்து வருஷம் இருந்தது அப்படித்தான். அக்கா மகனுக்குக் கல்யாணம் ஆகி அறை வேண்டியிருந்தபோது, இந்த மூன்றாவது மாடி ஒற்றை அறை வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான்.

எடுத்த சத்தங்கள் ஒரு பெட்டிக்குள் இறங்கும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சதுரப் பெட்டி. அதன்மேல் நாலுக்கு நாலாகப் பதினாறு ரப்பர் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சத்தத்தைப் போட்டு வைக்கலாம். விரலால் அழுத்தினால் அது ஒலிக்கும். மெதுவாக்கலாம், தாழ்த்தலாம், தலைகீழாக ஓட விடலாம். தண்ணீர் வடிகிற பம்ப்பின் கடைசி உறிஞ்சலை எட்டு மடங்கு மெதுவாக்கினால் ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல இருக்கும். அதற்கு மேல் கதவுப் பூட்டின் 'க்ளிக்' விழும். அதற்கும் மேல், டிரம்முக்குள் மறந்துபோன நாணயம் ஒன்று சுற்றிச் சுற்றித் தாளம் போடும். இதையெல்லாம் அவர் மேஜைமுன் நின்று ஆட்கள் பார்க்கப் பத்து விரலால் வாசிப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், அரைமணி நேரம்.

வாசிக்கிற இடம், பல் செட் செய்கிற ஒருவருடைய பட்டறை. எல்லோரும் அவரைப் பல்லு டாக்டர் என்பார்கள். "டாக்டர் இல்லப்பா. டாக்டர் பிடுங்குவாரு, நான் செஞ்சு குடுப்பேன். பிடுங்கறவனுக்குத்தான் பேரு" என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமை மெருகுபோடும் எந்திரங்கள் ஓடாது. நடுவில் இடம் ஒதுக்கி, மடக்கு நாற்காலிகள் போட்டு, பற்றாக்குறைக்குப் பிளாஸ்டர் மூட்டைகளில் ஆட்களை உட்கார வைப்பார். மூன்று பக்கச் சுவரிலும் அலமாரிகள். அலமாரி முழுக்க வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள், எல்லாம் வாய் திறந்தபடி. முதல்தரம் வாசிக்க வந்தபோது இவருக்கு அதுதான் பிடித்திருந்தது. இத்தனை வாய் திறந்திருந்தும் ஒரு வாயும் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு முறை உண்டு. வாசிக்கிறவர் பெட்டியைத் தொடுவதற்கு முன் பல்லு டாக்டர் எழுந்து நின்று, "கேட்டாச்சா?" என்பார். பெட்டிக்குள் மனிதர் யாருடைய சத்தமாவது இருந்தால், குரலோ இருமலோ காலடியோ, அந்த ஆளிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் வாசிக்கலாம். மெஷினுக்கும் மழைக்கும் கேட்க வேண்டியதில்லை.

இந்த முறை வந்ததற்குக் காரணம் ஒரு தையல்காரர். அவர் தன் மாமியாரின் குறட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, அருமையாக ஒரு தாளம் கட்டியிருந்தார். அன்றைக்கு மாமியாரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதி ஓடியபோது அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "சத்தம் நல்லா இருக்கு. எந்த மிருகம்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தையல்காரர் அதற்குப் பிறகு ரொம்ப நாள் கடையிலேயே படுத்தார்.

மெஷின்காரருக்கு இந்தக் கேள்வியால் ஒருநாளும் தொந்தரவு வந்ததில்லை. "கேட்டாச்சா?" என்றால், "எல்லாம் மெஷின்தான்" என்பார். அதனால் அவருக்கு அங்கே மிஷினு என்றே பேர்.

ஒரு ஞாயிறு, அவர் வாசித்து முடித்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பல்லு டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஷினு, தப்பா எடுத்துக்காத. வாசிப்பு சுத்தம். ஒரு பிசிறு கிடையாது."

"ம்."

"ஆனா பூட்டின வீட்டுல மெஷின் மட்டும் ஓடிட்டு இருக்கற மாதிரி இருக்கு. ஆள் எங்கப்பா?"

இவர் சிரித்து வைத்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வீடு வரும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஆள் எங்கே? பஸ்ஸில் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

*

அவர் வீட்டில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கட்டில். மேஜை சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு. அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தினமும் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் அங்கே ஒரு நாற்காலி இழுபடும்.

சாதாரணமாக இழுபடுவதில்லை. முதலில் ஒரு முனகல். பிறகு தரையில் எங்கோ ஒரு ஓடு லேசாகத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும், அங்கே தட்டி, குரல் ஒரு படி மேலே ஏறி, முடிவில் யாரோ "வரட்டுமா?" என்று கேட்பதுபோல நின்றுவிடும். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் கரண்டி சுற்றும். அவசரமில்லாத சுற்று. அலமாரிக் கதவு ஒன்று சாத்தும். அப்புறம் தட்டு.

முதலில் அவர் அதைக் கவனித்ததாகவே நினைக்கவில்லை. ஒருநாள் வேலை தாமதமாகி ஏழரைக்கு வந்து தனியாகச் சாப்பிட்டபோதுதான், இத்தனை நாளும் தான் தனியாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு சாயங்கால வேலைகளை ஆறு மணியோடு நிறுத்திக்கொண்டார். ரொட்டியும் முட்டையும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டதும் சாப்பிட ஆரம்பிப்பார். தன் நாற்காலியை மட்டும் இழுக்க மாட்டார், தூக்கி வைப்பார். பிறத்தியாருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பது அக்கா வீட்டில் படிந்த பழக்கம்.

அக்கா ஞாயிறு காலையில் போன் செய்வாள்.

"சாப்டியாடா?"

"ம்."

"என்ன ம்? வாயைத் தொறந்து பேசினா காசு கேப்பாங்களா? பக்கத்து வீட்டுல யாரு இருக்கா?"

"தெரியாது."

"ஒரு வருஷமாச்சு!"

"ஒரு நாற்காலி இருக்கு."

"நாற்காலி எல்லார் வீட்டுலயும்தான்டா இருக்கு" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

பல்லு டாக்டர் கேட்டது மனதில் இருந்ததோ என்னவோ, ஒரு சாயங்காலம் மெஷின்காரர் ஒட்டு மைக்கை எடுத்தார். பொட்டு மாதிரி சின்ன வட்டத் தகடு, காற்றைக் கேட்காது, ஒட்டியிருக்கிற பொருளின் அதிர்வை மட்டும் கேட்கும். மெஷின் முதுகில் ஒட்டுவது. அதைச் சுவரில் ஒட்டினார். ஒட்டும்போதே முகம் சூடாகிவிட்டது. அந்தச் சாயங்காலம் நாற்காலி வந்தது, கரண்டி வந்தது, அலமாரி வந்தது. எல்லாம் சுவருக்குள்ளிருந்து வருவதுபோல, சுவரே சாப்பிட உட்காருவதுபோல வந்தது.

அதைப் பெட்டியில் போட்டு மெதுவாக்கிப் பார்த்தார். நாற்காலியின் முனகல் வயலின் குடும்பத்தின் பெரிய அண்ணன் ஒருவன் பேசுவதுபோல இருந்தது. ஓட்டில் தட்டி ஏறுகிற அந்த இடம், மெதுவாக்கினால், ஒரு பெரிய தயக்கம். கரண்டியின் வட்டத்தை நாணயத்தின் வட்டத்தோடு சேர்த்து ஓட விட்டார். இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ரொம்ப நேரம் கழித்துத் திரும்ப ஒன்றாக விழுந்தன. அவர் கை ரப்பர் கட்டத்திலேயே நின்றது. இந்த மாதிரிப் பெட்டிகளில் ஒரு தரம் அழுத்தினால் போதும், தானே திரும்பத் திரும்ப ஓடும்படி வைக்கலாம். பட்டறைக்கு வருகிற சிலர் அப்படி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இவருக்கு அது பிடிக்காது. அழுத்தியிருக்கிறவரைதான் ஒலிக்க வேண்டும், விரலை எடுத்தால் நிற்க வேண்டும். அப்படித்தான் வைத்திருப்பார். நாற்காலியை ஒலிக்க வைத்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் வேலை செய்து அரைமணி நேரத்துக்கு அதை ஒழுங்கு பண்ணினார். முதல்தரமாக அவர் வாசிப்பில் யாரோ இருந்தார்கள். ஆனால் ஞாயிறு மதியம் பல்லு டாக்டர் எழுந்து நின்று கேட்பார். கேட்டாச்சா?

*

பக்கத்து வீட்டுக்கு நாலடி. அந்த நாலடியை அவர் ஒரு வாரமாக நடந்தார். ஒருநாள் கதவுவரை போய், கதவில் இருந்த எண்ணைப் படித்துவிட்டுத் திரும்பினார். இன்னொரு நாள் லிஃப்டில் ஒரு பெண் நின்றிருந்தார். தலையில் காதை மூடும் ஹெட்போன் அழுத்திய கோடு முடியில் அப்படியே பள்ளமாக இருந்தது. மூன்றாவது மாடியில் இருவரும் இறங்கினார்கள். அந்தப் பெண் அந்தக் கதவைத் திறந்தபோதுதான் நாற்காலி அந்தப் பெண்ணுடையது என்று புரிந்தது. அதற்குள் கதவு சாத்திவிட்டது.

கடைசியில் ஒரு சாயங்காலம், ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், சட்டையை மாற்றிக்கொண்டு போய் மணியடித்தார். கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. நாற்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"சொல்லுங்க சார்."

"நான் பக்கத்து வீடு. அது வந்து... தினமும் சாயங்காலம் உங்க நாற்காலி சத்தம்..."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. குரலே வேறாகிவிட்டது. இதமாக, நிதானமாக, எழுதி வைத்துப் படிப்பதுபோல.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருந்தறேன் சார்."

"இல்ல, சிரமம்லாம்..."

"உங்க இடத்துல நான் இருந்தாலும் எனக்கு அப்படித்தான் இருக்கும். எத்தனை நாளா இந்தப் பிரச்சினை இருக்கு சார்?"

"ஒரு வருஷமா. ஆனா..."

"ஒரு வருஷமா பொறுமையா இருந்திருக்கீங்க. ரொம்ப நன்றி. இது இன்னைக்கே சரியாயிடும். நாற்காலி தவிர வேற ஏதாவது சத்தம் உண்டா சார்?"

பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்றால் அவருக்கு உண்மைதான் வரும். "கரண்டி" என்றார்.

"கரண்டி. சரி சார். வேற ஏதாவது உதவி தேவைப்படுதா?"

அவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது. கதவு மெதுவாகச் சாத்தியது, சத்தமே வராமல்.

ஒரு பெரிய கம்பெனியில், காலையிலிருந்து சாயங்காலம்வரை போனில் புகார் கேட்பது அந்தப் பெண்ணின் வேலை. ஒரு நாளைக்கு நூறு பேர் திட்டுவார்கள். யாராவது தயங்கித் தயங்கி ஆரம்பித்தால் அது பெரிய புகார் என்று அனுபவத்தில் தெரியும். கத்துகிறவர்களைவிட அவர்களைத்தான் சீக்கிரம் சமாதானப்படுத்த வேண்டும். இதெல்லாம் மெஷின்காரருக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அன்றைக்கு ஏழு மணிக்கு நாற்காலி வரவில்லை. கரண்டியும் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஊருக்குப் போய்விட்டாரோ என்று காதைச் சுவரில் வைத்துக் கேட்டார். குழாய் திறக்கிற சத்தம் வந்தது. ஆள் இருக்கிறார். ஒட்டு மைக்கை வைத்து ஹெட்போனில் கேட்டார். மெத்தென்று ஏதோ நகர்ந்தது. பூனை இடம் மாறி உட்காருவதுபோல.

தட்டில் முட்டை ஆறிப்போயிருந்தது. பெட்டியில் அந்தச் சத்தம் பத்திரமாக இருந்தது, அழுத்தினால் வரும். அழுத்திப் பார்த்தார். வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட முடியவில்லை. அது சாப்பிட உட்காருகிற யாருடைய சத்தமும் இல்லை, போன மாதத்தின் சத்தம். பெட்டியை அணைத்துவிட்டு, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றபடி தின்றார்.

நாலைந்து நாள் அப்படிப் போனது. வேலையில் ஒரு வீட்டில் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு மெஷின் நின்ற பிறகும் நின்றுகொண்டிருந்தார். "என்ன சார், உயிர் இருக்கா இல்லையா?" என்று கேட்டார்கள்.

"இருக்கு, இருக்கு" என்றார்.

சனிக்கிழமை லிஃப்டில் அந்தப் பெண்ணே பேசினார். இப்போது அலுவலகக் குரல் இல்லை, சாதாரணக் குரல்.

"சார், சத்தம் நின்னுடுச்சா? நாலு காலுக்கும் சாக்ஸ் போட்டு விட்டுட்டேன். பழைய சாக்ஸ். பாக்கறதுக்கு ஸ்கூலுக்குப் போற புள்ள மாதிரி இருக்கு." சிரித்தார். "டம்ளருக்கும் பிளாஸ்டிக் கரண்டி மாத்தியாச்சு."

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை.

"நான் புகார் சொல்ல வரல" என்றார்.

"சார்?"

"அந்தச் சத்தம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

லிஃப்ட் கதவு மூடப் பார்த்தது. அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்தார். வாழ்க்கையிலேயே மெஷின்காரர் இவ்வளவு நீளமாக ஒரு அந்நியரிடம் பேசியது அப்போதுதான். பெட்டி, பட்டறை, பல்லு டாக்டர், கேட்டாச்சா, எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தது. லிஃப்ட் கதவு நாலைந்து தரம் மூட வந்து, கையில் இடித்துத் திரும்பிப் போனது. கடைசியில் அந்தப் பெண், "எனக்கு ஒண்ணும் புரியல. அதைக் கொண்டு வந்து காட்டுங்க" என்றார்.

*

பெட்டியையும் ஹெட்போனையும் கொண்டு போனார். அந்த வீட்டிலும் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கட்டில். மேஜை சுவரை ஒட்டி இருந்தது. அவர் அந்தச் சுவரைப் பார்த்தார், அதற்கு அந்தப் பக்கம் தன் மேஜை. இரண்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் அகலம்கூட இருக்காது. நாற்காலிக் கால்களில் நீலம் இரண்டு, சாம்பல் இரண்டு. ஜோடி சேராத சாக்ஸ்கள். உட்கார இன்னொரு நாற்காலி இல்லை என்பதால் இருவரும் நின்றார்கள்.

அந்தப் பெண் ஹெட்போனைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "லீவு நாள்லயும் இது விடாது போல" என்று சொல்லிப் போட்டுக்கொண்டார். முடியில் இருந்த பள்ளத்தில் அது சரியாக உட்கார்ந்தது.

அவர் கட்டத்தை அழுத்திப் பிடித்தார். மெதுவாக்கிய நாற்காலி. அவருக்குக் கேட்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தில்தான் பார்த்தார். முனகல், தட்டல், ஏற்றம். எந்த இடம் எப்போது வருகிறது என்று விரலுக்குத் தெரியும். பிறகு கரண்டி. பிறகு இரண்டும் சேர்ந்து, கீழே பம்ப்பின் மூச்சு. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹெட்போனைக் கழற்றினார். "இன்னொரு தரம்" என்றார். இன்னொரு தரம் கேட்டார்.

"அழகா இருக்கு" என்றார். "இது நானா?"

"நாற்காலி. நீங்களும்தான்."

"எப்படி எடுத்தீங்க?"

அவர் சுவரைக் காட்டினார். சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பெண் சுவரைப் பார்த்தார், பிறகு தன் கட்டிலை, ஜன்னலை, அலமாரியை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவற்றில் எதையோ கணக்குப் பார்ப்பதுபோல.

"சார், நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"எங்க ஆபீஸ்ல போன் எடுத்ததும் ஒரு குரல் சொல்லும் தெரியுமா? தரத்துக்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படலாம்னு. செய்யப்படலாம் இல்ல சார், செய்வாங்க. எல்லாத்தையும். நான் பெருமூச்சு விட்டா அதுகூட இருக்கும். போன மாசம் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுறாங்க, இங்க மூச்சு விட்டிருக்கீங்க, கஸ்டமருக்குக் கேட்டிருக்கும்னு." சிரிக்கப் பார்த்தார். "வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியை இழுத்து உக்காருவேன் பாருங்க, அப்பதான் இன்னைக்கு முடிஞ்சுதுன்னு இருக்கும். தூக்கி வைக்கணும்னு தோணினதே இல்ல. யாரும் கேக்கலைன்னு நெனச்சேன்."

அவர் பெட்டிமேல் இருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு சார். நெஜமா நல்லா இருக்கு. ஆனா வேணாம்."

"சரிங்க."

"கோவமா?"

"இல்லல்ல. கேட்டா சரின்னும் சொல்லலாம், வேணாம்னும் சொல்லலாம். அதுக்குத்தான் கேக்கறது."

அழிக்கிற பொத்தான் எது என்று காட்டினார். பெட்டி, 'நிச்சயமா?' என்று கேட்டது. அந்தப் பெண் அவரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். இந்த முறை எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரிந்தே ஆட்டினார். நாற்காலி போனது, கரண்டி போனது, அலமாரிக் கதவு போனது. பெட்டியில் மூன்று கட்டங்களின் விளக்குகள் அணைந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. ரெக்கார்டரில் இருந்ததையும் அங்கேயே நின்று அழித்தார்.

வாசலில் அந்தப் பெண் கேட்டார். "அப்ப சத்தம் உங்களுக்குத் தொந்தரவு இல்லதானே? இந்த சாக்ஸைக் கழட்டிரலாமா? நாற்காலி வழுக்குது சார். நேத்து விழப் பாத்தேன்."

"கழட்டிருங்க" என்றார்.

*

மறுநாள் ஞாயிறு. பல்லு டாக்டர் எழுந்து நின்றார். மடக்கு நாற்காலிகளில் பதினைந்து இருபது பேர். தையல்காரர் ஒரு பிளாஸ்டர் மூட்டைமேல் இருந்தார்.

"மிஷினு, புதுசு ஏதோ கொண்டு வரேன்னியே. கேட்டாச்சா?"

"கேட்டேன்."

"பலே! என்ன சொன்னாங்க?"

"வேணாம்னுட்டாங்க."

தையல்காரர், "நான் கேட்டிருந்தா எனக்கும் அதான் சொல்லியிருப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பல்லு டாக்டர், "அப்ப என்ன வாசிக்கப் போற?" என்றார்.

"அதையேதான்."

பம்ப்பின் மூச்சில் ஆரம்பித்தார். அதன்மேல் நாணயம் சுற்ற ஆரம்பித்தது. நாற்காலி வர வேண்டிய இடம் வந்ததும், அணைந்துபோன கட்டத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தார். ஒன்றும் வரவில்லை. நாற்காலி எவ்வளவு நேரம் இழுபடுமோ அவ்வளவு நேரம் பிடித்திருந்தார். முனகல், தட்டல், ஏற்றம். பிறகு விரலை எடுத்தார். ஸ்பீக்கர் ஒயர் கழன்றுவிட்டதோ என்று பல்லு டாக்டர் குனிந்து பார்த்தார். இரண்டாவது தரம் குனியவில்லை. மூன்றாவது தரம் அந்த இடம் வந்தபோது பட்டறையில் யாரும் அசையவில்லை. தையல்காரர்கூட மூட்டைமேல் கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த விரல் எப்போது எழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாணயம் தனியாகச் சுற்றியது, கூடச் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல்.

முடிந்ததும் கைதட்ட யாருக்கும் உடனே தோன்றவில்லை. ஒயரைச் சுருட்டும்போது பல்லு டாக்டர் வந்தார்.

"யாருப்பா அது?"

"பக்கத்து வீடு."

பல்லு டாக்டர் அலமாரியில் இருந்த ஒரு தாடையை எடுத்து, தூசியை ஊதிவிட்டு, திரும்ப வைத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஏழாகப் போகிறது. முட்டையைப் பொரித்தார். ரொட்டியைத் தட்டில் வைத்து மேஜைமுன் உட்கார்ந்தார். ஒட்டு மைக் எங்கோ பையின் அடியில் கிடந்தது.

அந்தப் பக்கம் நாற்காலி வந்தது. இழுபடவில்லை. யாரோ அதைத் தூக்கி, யோசித்து, வைத்தார்கள். முன்காலிரண்டும் ஒரு தட்டு, பின்காலிரண்டும் ஒரு தட்டு. சாக்ஸ் இல்லை, மரம் தரையில் பட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆனால் அது, யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்த ஒருவர் உட்காருகிற சத்தம். பழைய முனகல் இனிமேல் எந்தச் சாயங்காலமும் வராது என்று அவருக்குப் புரிந்தது. அதை அவர் பெட்டியிலிருந்து மட்டுமல்ல, அந்த வீட்டிலிருந்தும் அழித்துவிட்டிருந்தார்.

பிறகு கரண்டி, இரும்புக் கரண்டி, கண்ணாடியில் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

அவர் எழுந்தார். தன் நாற்காலியைப் பின்னால் தள்ளி வைத்தார். அதன் முதுகைப் பிடித்து, தூக்காமல், மேஜைவரை தரையோடு தரையாக இழுத்தார். அவருடைய நாற்காலிக்கும் ஒரு குரல் இருந்தது. கரகரவென்று, பல்லைக் கூச வைக்கிற, அழகே இல்லாத குரல். இத்தனை நாளில் அவரே அதைக் கேட்டதில்லை. அந்த அறைக்கு அது ரொம்பப் பெரிய சத்தமாக இருந்தது.

அந்தப் பக்கம் கரண்டி நின்றது.

அவர் உட்கார்ந்து, ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கரண்டி விட்ட இடத்திலிருந்து மறுபடி சுற்றத் தொடங்கியது.